கண்ணாடித் தொட்டியில் ஒரு குளம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியச் சொற்பொழிவுகளுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் இடையே மீன்தொட்டியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். ஆயினும் இக்குடியிருப்பில் மாடி தோறும் எத்தனை கண்ணாடித் தொட்டிகள் ஆர்வத்தோடு வாங்கப்பட்டன, அவற்றுள் எத்தனை ஆறு திங்களுக்குள் பால்கனியின் மூலையில் பழஞ்செய்தித்தாள் போட்டு வைக்கும் பெட்டியாக மாறின என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் மீன் அன்று, பாசி.

பாசி என்னும் சொல்லையே சற்று நோக்குங்கள். குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பச்சைப் படலமும் பாசி. நீருக்குள் வேரூன்றித் தண்டும் இலையுமாக வளரும் கொடியும் நம் ஊர் வழக்கில் பாசியே. அறிவியல் இவ்விரண்டையும் வேறு பிரிக்கிறது. முன்னது வேர், தண்டு, இலை என்ற பகுப்பில்லாத எளிய உயிர். பின்னது பூத்துக் காய்க்கும் செடி. தொட்டி வளர்ப்பவனுடைய கலை முழுவதும் இந்த இரண்டில் பின்னதை வளர்த்து முன்னதைப் பட்டினி போடுவதிலேதான் இருக்கிறது. பாசியின் இயல்பைப் பரணர் நன்கு கண்டிருந்தார். தொடத் தொட விலகி, விட்டால் மீண்டும் வந்து மூடும் ஊருணிப் பாசியைத் தலைவியின் பசலைக்கு அவர் குறுந்தொகையில் உவமை கூறினார். ஞாயிறு தோறும் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு அடுத்த வெள்ளியன்று மீண்டும் பச்சை படர்ந்திருக்கக் காண்பவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் உரையாசிரியர் உதவியின்றியே விளங்கும்.

தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்க்கும் வழி இன்று தோன்றியதன்று. இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் 12 காலன் கொள்ளும் கலத்தில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டுப் பார்த்தார். மீன் விடும் மூச்சைச் செடி கொள்ள, செடி விடும் பிராணவாயுவை மீன் கொள்ளும் என்பது அவர் கருத்து. கருத்து சரியே. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின, நீர் கலங்கிற்று, கண்ணாடி நெடுகிலும் பச்சை வழும்பு பிடித்தது. அப்போது அவர் மருந்து எதனையும் ஊற்றவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழும்பையும் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. 1850-இல் அவர் வெளியிட்ட இம்முடிவே வீட்டுத் தொட்டிக்கு வித்தாயிற்று. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவில் 1909-இல் மீன் காட்சிச் சாலை அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. இந்நகரின் தாராபொரேவாலா காட்சிச் சாலையை 1951-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்து வைத்தார்.

ஆக, பாசித் தொல்லை மீன்தொட்டியோடு உடன்பிறந்தது. அது ஏன் வருகிறது?

பாசிக்கு வேண்டுவன மூன்று: ஒளி, உணவு, கரியமில வாயு. செடிக்கு வேண்டுவனவும் அவையே. வேறுபாடு எங்கே உள்ளதெனில், செடி தன் உடலைக் கட்ட மூன்றும் சீராகக் கிடைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வளர்ச்சியை நிறுத்திவிடும். ஓரணுவினதாகிய பாசியோ கிடைத்ததைக் கொண்டு பிழைக்கும். ஒளி மிகுந்து கரியமில வாயு குறைந்த தொட்டியில் செடி சோர்ந்து நிற்க, அதன் இலைமேலேயே பாசி குடியேறுகிறது. எனவே பாசி மிகுந்தால் முதலில் குறைக்க வேண்டுவது ஒளி. விளக்கைப் பகல் முழுதும் எரிய விட்டால் செடி செழிக்கும் என்று எண்ணுவோர் பலர். புதிய தொட்டிக்கு ஆறு மணி நேரம் போதும். செடிகள் வேர்கொண்ட பின் எட்டு மணி வரை நீட்டலாம். நேரம் வைத்து அணைக்கும் சிறு கருவியை வாங்கி மாட்டிவிட்டால், நாம் ஊருக்குப் போனாலும் அது தன் கடமையைச் செய்யும். மேற்குப் பார்த்த சன்னலருகே தொட்டியை வைக்கலாகாது. நம் கட்டடங்களில் மாலை வெயில் கூடத்திற்குள் எவ்வளவு தூரம் வருகிறதென்பதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு இடம் தேர்ந்தெடுங்கள். நீர் நிரம்பிய தொட்டியைப் பின்னர் நகர்த்த இயலாது.

அடுத்தது உணவு. உரம் போடவில்லையே, பாசிக்கு உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நாம் மீனுக்குப் போடும் தீனியே உரம். குழந்தைகள் ஆசையோடு அள்ளிப் போடுவதில் பாதி மணலில் புதைந்து அழுகி அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் சில அதனை நைட்டிரைட்டாகவும் பின் நைட்டிரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டு, பத்தாம் நாள் அவை ஒவ்வொன்றாக மிதக்க, குழந்தை அழுவதைக் கண்டு நாமும் மனம் வெதும்புவது இதனால்தான். முதல் நாளிலேயே நிறைய வைக்க வேண்டியது செடி. மீன் பொறுத்து வரட்டும். தரையில் மூன்றில் இரண்டு பங்கு செடியால் மூடப்பட்டிருந்தால் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அவையே உண்டுவிடும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். வாரத்தில் ஒரு நாள் மீன்களும் ஏகாதசி இருக்கட்டும். ஒரு தீங்கும் நேராது.

வாரம் ஒரு முறை நீர் மாற்றுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். அதில் ஒரு வாளி நீரை மணலை உறிஞ்சியபடியே எடுத்துவிட்டு, முதல் நாள் இரவே பிடித்துத் திறந்து வைத்த ஒரு வாளியை ஊற்றுங்கள். குளோரின் பெரும்பகுதி காற்றில் போயிருக்கும். தான்சா, வைதரணா, பாத்சா ஏரிகளிலிருந்து வரும் மும்பை நீர், நம் ஊர்க் கிணறுகளின் உப்புநீரோடு ஒப்பிட மென்மையானது. நீர்ச்செடிகளுக்கு மிக உகந்தது. எடுத்த பழைய நீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டா. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அதைவிட நல்ல உரம் கடையில் கிடைக்காது.

செடிகள் என்றவுடன் வெளிநாட்டுப் பெயர்களைக் கேட்டு மருள வேண்டியதில்லை. வயல் வரப்பில் வளரும் நீர்ப்பிரம்மியும், நாலிலையாய் விரியும் ஆரைக்கீரையும் இன்று உலகெங்கும் தொட்டிகளை அழகு செய்கின்றன. மூதுரையில் ஔவையார் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொன்ன கொட்டியின் இனமும் அவ்வாறே. இலங்கையின் ஓடைகளிலிருந்து சென்ற கிரிப்டோகொரைன் குறைந்த ஒளியிலும் நிற்கும். இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கரைந்து போகும், ஆனால் வேர் சாகாது, பிடுங்கி எறியாமல் ஒரு திங்கள் பொறுங்கள். பாசிச் சிக்கல் உள்ளவர்க்கு நான் முதலில் சொல்வது ஹைட்ரில்லா போல விரைந்து வளர்வதொன்றை ஒரு கைப்பிடி போடுங்கள் என்பதே. அழகு குறைவு, ஆனால் பாசியின் சோற்றை அது உண்டுவிடும்.

பாசிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல, மருத்துவமும் ஒன்றன்று. புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் எனப்படும் நுண்பாசி. துடைத்துவிட்டுக் காத்திருந்தால் தானே போய்விடும். நீர் முழுதும் பச்சையாகி மீனே தெரியாமற் போனால், அது நீரில் மிதக்கும் ஓரணுப் பாசி. தொட்டியைத் தடித்த போர்வையால் மூன்று நான்கு நாள் மூடி ஒளியே புகாமல் செய்தால் பெரும்பாலும் தெளியும். இந்த ஓரணுப் பாசியை இகழ வேண்டா. பெர்க்லியில் மெல்வின் கால்வின் கதிரியக்கமுடைய கரி-14ஐக் கொடுத்து, ஒளிச்சேர்க்கையில் கரி செல்லும் பாதையைக் கண்டது குளோரெல்லா முதலிய பச்சைப் பாசிகளைக் கொண்டுதான்; 1961-இல் நோபெல் பரிசு பெற்றார். அணுசக்தி நகரில் வாழும் நாம் பச்சைத் தண்ணீரைக் கொட்டுமுன் அதற்கொரு வணக்கம் சொல்லலாம்! பாசியை ஆராய்வதற்கே வாழ்வைத் தந்த தமிழ்நாட்டறிஞர் ஒருவரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார் ஈர மண்ணில் வளரும் பிரிட்சியெல்லா என்னும் பாசியை 1932-இல் உலகிற்கு அறிவித்தார்.

கருந்தாடிப் பாசிதான் பலரைத் தொட்டியையே விற்கச் செய்வது. இலை விளிம்பிலும் கட்டையிலும் கரிய மயிர்க்கற்றை போல் ஒட்டிக்கொள்ளும். பெயர் கருமை, இனமோ செம்பாசி. சிறிது எடுத்துச் சாராயத்தில் போட்டால் சிவந்து காட்டும். நீரில் கரியமில வாயு ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் இருப்பது இதற்குப் பிடித்தமானது. பிடித்த இலைகளை வெட்டி எறியுங்கள்; நீர் மாற்றுவதை ஒழுங்காக்குங்கள்; புதிதாக வாங்கும் செடியைக் கழுவி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் இடுங்கள். இதனை வெல்லத் திங்கள் கணக்கில் ஆகும்.

நீலப்பச்சைப் படலம், கெட்ட நாற்றத்தோடு பாய் போல் உரிந்து வருவது, உண்மையில் பாசியே அன்று, பாக்டீரியா இனம். இதற்குச் சிலர் எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். நான் இதனை வன்மையாக மறுக்கிறேன். மனிதர்க்குரிய மருந்தை மீன்தொட்டியில் ஊற்றி அதற்கு மசியாத கிருமிகளை வளர்ப்பது அறிவுடைமை ஆகாது. படலத்தை உறிஞ்சி எடுத்து, மணலைத் தூய்மை செய்து, நான்கு நாள் இருட்டில் வைத்தால் போதும். செம்புச் சத்துள்ள பாசிக்கொல்லிகளோ இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும்.

இனி, நான் பேச வந்ததில் முதன்மையான செய்தி. பாசி தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விரலளவு மீனொன்றை விற்கிறார்கள். உடலெங்கும் கவசம், வாய் அடியில், கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கும். டேங்க் கிளீனர் என்பது கடை வழக்கு. தென்னமெரிக்காவின் மீன். விரலளவாய் வந்தது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் பாசியைவிடத் தீனியையே நாடும். அதன் கழிவே பாசிக்கு உரமாகும். அப்போது வீட்டார் என் செய்கின்றனர்? கொல்ல மனமின்றி, இரக்கத்தால், அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இன்று இம்மீன் பெருகியுள்ளது. கவசத்தால் மீனவர் வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, நம் கெண்டையின் இரையைப் பறிக்கிறது, உண்பாரும் இல்லை.

செடியும் அப்படியே. அழகுக்காகக் கொணரப்பட்ட வெங்காயத்தாமரை நம் ஏரிகளை மூடிய கதையை யாவரும் அறிவோம். 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் நீர்ப்பரப்பு முழுதும் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடக்க, மக்கள் திரள் திரளாய்ச் சென்று கண்டு களித்தனர். அது தென்னமெரிக்கக் கபோம்பா. மீன்தொட்டிக்காக வாணிகத்தில் வருவது. அழகிய அப்போர்வையின் கீழே பிற செடிகளுக்கு ஒளி இல்லை.

ஆதலின், வெட்டிய செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திப் பூந்தொட்டியின் எருவில் இடுங்கள். கழிப்பறையிலோ மழைநீர் வடிகாலிலோ விடாதீர்கள். வடிகால் நேரே கழிமுகத்துக்குப் போகிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பித் தரலாம்; குர்லாவில் பலர் பெற்றுக்கொள்வார்கள். பாசி தின்ன உயிர் வேண்டுமென்றால் வாரிங்டன் செய்தவாறு நத்தையை நாடுங்கள். ஊருக்குப் போகும் விடுமுறையில் தொட்டியை என்ன செய்வதென்று பலர் கேட்டிருக்கிறீர்கள்: புறப்படும் முன் நீரை மாற்றி, விளக்கை ஐந்து மணி நேரமாகக் குறைத்து, தீனி ஒன்றும் போடாமல் செல்லுங்கள், வளர்ந்த மீன்கள் பத்து நாள் தாங்கும். அண்டை வீட்டாரிடம் சாவி கொடுத்தால், தீனி டப்பாவை மட்டும் பூட்டி வைத்துவிட்டுக் கொடுங்கள்.