ஒத்துப்போனது, ஆனால் சரியில்லை
(கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒரு நாள் காலை எங்கள் பள்ளியில் நெட்வொர்க் இல்லை. வகுப்பாசிரியை 9.30 மணிக்குத் தம் கைப்பேசியில் வருகை பதிந்தார். ஒரு மாணவி வரவில்லை. 9.35க்கு அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். நான் என் கைப்பேசியில் 'வந்துவிட்டாள்' என்று குறித்தேன். ஆனால் என் கைப்பேசியின் கடிகாரம் 10 நிமிடம் பின்தங்கியிருந்ததால், நான் குறித்தது 9.25 என்று பதிவானது. மாலையில் இணைப்பு வந்ததும், 'பிந்தைய நேரத்துப் பதிவே செல்லும்' என்ற விதிப்படி அவள் வராதவள் ஆனாள். இரு கைப்பேசிகளும் ஒன்றையே காட்டின. ஒத்துப்போயின, ஆனால் தவறாக!

பல இடங்களில் உள்ள பிரதிகள் தனித்தனியே மாறி, பின்னர் ஒன்றாவதை 'இறுதி ஒத்திசைவு' என்கிறோம். இணைப்பு வரும்வரை காத்திருக்கலாமே என்றால், அதுவரை எதையும் பதிய முடியாது. இணைப்பு அறுந்த நேரத்தில் உடனடிப் பதிலும் முழு ஒத்திசைவும் சேர்ந்து கிடைக்காது என்று 2000இல் எரிக் புரூவர் கூறினார். 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் அதை நிரூபித்தனர்.

எனவே கேள்வி, 'எப்படி இணைப்பது?' என்பதே. அமேசான் 2007இல் வெளியிட்ட டைனமோ கட்டுரையில், வாங்கும் கூடையின் மாறுபட்ட பிரதிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். சேர்த்த பொருள் தொலையவில்லை. ஆனால் நீக்கிய பொருள் சில வேளை திரும்பி வந்தது.

தானாகவே சரியாக இணையும் தரவுக் கட்டமைப்புகளை 2011இல் ஷப்பிரோ குழுவினர் வரையறுத்தனர். இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். மூன்று குழுக்கள் மரக்கன்று நடுகின்றன. ஒவ்வொரு குழுவும் தன் கட்டத்தில் மட்டுமே எண்ணிக்கையைக் கூட்டி எழுத வேண்டும். ஒரு தாளில் 5, 3, 0. மற்றொன்றில் 4, 3, 2. மொத்தங்களைக் கூட்டினால் 17. பெரிய மொத்தத்தை எடுத்தால் 9. இரண்டும் தவறு. கட்டம்தோறும் பெரிய எண்ணை எடுங்கள்: 5, 3, 2. விடை 10. எந்த வரிசையில் இணைத்தாலும், எத்தனை முறை இணைத்தாலும் விடை மாறாது. பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

கன்று பட்டுப்போனால் பழைய எண்ணைக் குறைக்கக்கூடாது. குறைத்தால் பெரிய எண்ணே மீண்டும் வென்றுவிடும். பட்டவற்றுக்குத் தனிக் கட்டங்கள் போட்டு, கடைசியில் கழிக்க வேண்டும்.

மறுநாள் அந்த மாணவியின் வருகையைத் திருத்தினோம். திரை ஒன்றுபோல் காட்டுகிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் பதிவைச் சரியென்று நம்பிவிடாதீர்கள்.