எல்லா மாதமும் பூக்கும் தோட்டம்

(சங்கக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)

பின்புறக் காலி இடத்தில் கார் நிறுத்தக் கல் பாவுவதா, தோட்டம் போடுவதா என்று இன்று முடிவெடுக்கப் போகிறோம். "நம்ம காரைக்குடி வெயிலுக்குத் தோட்டம் ரெண்டு மாசம்தான்" என்கிறார்கள். காலம் பார்த்துச் செடி வைத்தால் அப்படி ஆகாது.

சித்திரையில் சரக்கொன்றை, மல்லிகையும் அப்போதுதான் அள்ளிக் கொடுக்கும். புரட்டாசி, ஐப்பசியில் விடிந்தால் பவழமல்லி தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழிக்கு டிசம்பர் பூ. இடையில் வெறிச்சென்று இல்லாமல் செம்பருத்தியும் இட்லிப்பூவும் பார்த்துக்கொள்ளும். அரளி மட்டும் வேண்டாம். முழுச் செடியும் நஞ்சு, பிள்ளைகள் விளையாடும் இடம். மேற்கு ஓரத்தில் வேம்பு நின்றால் பிற்பகல் வெயிலை மறைக்கும்.

தண்ணீருக்கு என்ன செய்வது? செட்டிநாட்டு வீடுகளில் கூரைத் தண்ணீரை முற்றத்தில் பிடித்து வைத்தார்கள். நாமும் மொட்டை மாடித் தண்ணீரை இந்த மண்ணில் இறக்கலாம். கல் பாவினால் அது தெருவுக்குத்தான் ஓடும். கோடையில் நாம் லாரிக்குக் காத்திருப்போம்.

புரட்டாசிக் கடைசியில் நட்டால், ஐப்பசி மழையே வேர் பிடிக்க வைத்துவிடும். கை தூக்குமுன் இதை யோசியுங்கள்.