எந்தக் கென்யா?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிகளுக்காகச் சங்கம் நடத்திய கல்வி வகுப்பில் "ஆபிரிக்க அரசியலும் தேயிலையும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளப் பேச்சு எப்போது தொடங்கினாலும் கம்பனிகளின் பக்கமிருந்து ஒரு நாட்டின் பெயர் வரும். கென்யா. "கென்யாவில் ஒரு தொழிலாளி உங்களைவிட அதிக கிலோ பறிக்கிறார். அங்கே உற்பத்திச் செலவு குறைவு. நீங்கள் இப்படிக் கேட்டால் சந்தை அவர்கள் கைக்குப் போய்விடும்." இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அந்த நாட்டில் கொழுந்து பறிக்கிறவர் யார், அவர் எங்கே குடியிருக்கிறார், அவர் நிற்கும் மலை யாருடையது என்று நாம் திருப்பிக் கேட்டதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

கென்யா இன்று உலகில் மிக அதிகமாகக் கறுப்புத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே பெரும்பாலும் சீ.டீ.சீ. முறையில் தூள் செய்கிறார்கள். நம் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஓதொடொக்ஸ் முறை. இரண்டும் வேறு சரக்கு, வேறு விலை. ஒன்றின் கிலோவை மற்றதன் கிலோவோடு நேராக வைத்து ஒப்பிடுவது சரியான கணக்கல்ல. இது முதல் விடயம். இதைவிட முக்கியமானது அந்தத் தேயிலையின் சரித்திரம்.

காணி போன கதை

கென்யாவில் முதன்முதலாகத் தேயிலை நட்டது 1903இல், நைரோபிக்கு அருகில் லிமுரு என்ற இடத்தில். பெரிய தோட்டங்கள் வந்தது 1920களில், மேற்கே கெரிச்சோ மலைகளில். அந்த மலைகள் கிப்சிகிஸ் மக்களுடையவை. முதலாம் உலகப் போர் முடிந்ததும் காயமுற்ற பிரித்தானிய இராணுவ அதிகாரிகளைக் குடியேற்ற அந்தக் காணிகளை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் நார் எடுக்கும் ஆளிப் பயிர் போட்டு நட்டப்பட்டார்கள். அதன் பிறகு காணி தேயிலைக் கம்பனிகளின் கைக்குப் போனது. புரூக் பொண்ட், ஜேம்ஸ் பின்லே என்ற பெயர்கள் இந்த மண்டபத்தில் யாருக்கும் புதியவை அல்ல.

எதிர்த்து நின்றவர்களை என்ன செய்தார்கள்? கிப்சிகிஸ் மக்களின் தலைமைக் குலமாகிய தலாய் குலத்தாரை, 1934இல் ஒரு தனிச் சட்டமே போட்டு, குடும்பம் குடும்பமாக குவாசி என்ற வரண்ட பகுதிக்கு நாடு கடத்தினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் நியாயம் கேட்கிறார்கள். 2022இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

வேலைக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? குடிசை வரி போட்டார்கள். வரியைக் காசாகக் கட்ட வேண்டும். காசு வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலிக்குப் போக வேண்டும். பதினாறு வயதைத் தாண்டிய ஆபிரிக்க ஆண்கள் "கிபாண்டே" என்ற பதிவுச் சீட்டைத் தகரக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். துரை கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் வேறிடம் போக முடியாது. நம் பாட்டன்மார் "துண்டு" இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கெரிச்சோ தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் கிப்சிகிஸ் மக்கள் அல்லர். லுவோ, கிசி, லூயா என்று வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். காணியை இழந்தவர் ஒரு மக்கள். அந்தக் காணியில் வேலை செய்ய வந்தவர் வேறு மக்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் வந்த வழி

அங்கே தொழிற்சங்கத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மக்கான் சிங். பஞ்சாபில் பிறந்து சிறுவனாகக் கென்யாவுக்குப் போனவர். இந்தியத் தொழிலாளருக்கு ஒரு சங்கம், ஆபிரிக்கருக்கு இன்னொன்று என்று பிரித்து வைப்பதை அவர் ஏற்கவில்லை. 1949 மே தினத்தில் பிரெட் குபாயுடன் சேர்ந்து கிழக்காபிரிக்கத் தொழிற்சங்கக் காங்கிரஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், நைரோபியில் ஒரு பொதுக் கூட்டத்தில், கிழக்காபிரிக்காவுக்குப் பூரண சுதந்திரம் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். மே மாதம் இருவரையும் கைது செய்தார்கள். நைரோபித் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மக்கான் சிங் வெளியே வந்தது 1961 ஒக்டோபரில். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் தடுப்புக் காவல்! கடல் கடந்து வந்த ஒருவர் அந்த நாட்டு உழைப்பாளியோடு ஒன்றாக நின்று கொடுத்த விலை அது.

சொந்தக் காணியில் தேயிலை

இனி கென்யாவின் இன்னொரு பக்கம். 1950கள் வரை ஆபிரிக்கர் தேயிலை நடுவதற்கே அனுமதி இருக்கவில்லை. 1952இல் மாவ் மாவ் கிளர்ச்சி வெடித்து, காணிப் பசியை இனி அடக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்தது. 1954இல் சுவினர்ட்டன் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டுக் காணிகளை ஒன்றாக்கி, தனி ஆளின் பெயரில் உறுதி கொடுத்து, பணப்பயிர் செய்ய விட்டார்கள். 1963 டிசம்பரில் சுதந்திரம். 1964இல் கென்யத் தேயிலை அபிவிருத்தி அதிகார சபை பிறந்தது. நாற்றுக் கொடுத்தது, உரம் கடனாகக் கொடுத்தது, கொழுந்து வாங்க நிலையங்கள் போட்டது, தொழிற்சாலைகளைக் கட்டியது. 2000ஆம் ஆண்டில் அது விவசாயிகளுக்குச் சொந்தமான தொழிற்சாலைக் கம்பனிகளின் முகவர் நிறுவனமாக மாறியது.

இன்று ஆறு இலட்சத்துக்கும் அதிகமான சிறு விவசாயிகள் அதன் கீழ் இருக்கிறார்கள். கென்யாவின் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. மாதா மாதம் கொழுந்துக்கு முற்பணம் கிடைக்கும். ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்த பிறகு "போனஸ்" என்று இரண்டாவது கொடுப்பனவு வரும். அந்தப் போனஸில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கூரைத் தகடும்.

அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. போனஸ் குறைந்த ஆண்டுகளில் விவசாயிகள் வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். பதிவு கணவன் பெயரில், பறிப்பது மனைவி, காசு வாங்குவது கணவன் என்ற சண்டை பல வீடுகளில் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். காணி உறுதி அவர்களிடம். தொழிற்சாலையில் பங்கும் அவர்களிடம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? இங்கே கம்பனிகள் அவுட்குரோவர் முறை, வருமானப் பகிர்வு முறை என்று பேசுகின்றன. இத்தனை தேயிலை மரத்தை நீங்களே பராமரியுங்கள், கொழுந்தை எங்களுக்கே கொடுங்கள் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. தொழிலாளிக்கு உறுதி இல்லை, தொழிற்சாலையில் பங்கு இல்லை. நாட்சம்பளம் போனால் ஈ.பீ.எப்., ஈ.டீ.எப். எங்கே போகும்? இலங்கைத் தேயிலையிலும் பெரும் பங்கு சிறுதோட்ட உடைமையாளர்களுடையதுதான். ஆனால் அவர்களில் மலையகத் தொழிலாளர் எத்தனை பேர்? கென்யச் சிறு விவசாயியைக் காட்டி இந்த முறையை விற்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உறுதி எங்கே?

தொழிலாளி மேல் விழுந்த பழி

தோட்டத் தொழிலாளிக்கு வருவோம். 2007 டிசம்பர் இறுதியில் கென்யாவில் ஜனாதிபதித் தேர்தல். முடிவு பற்றித் தகராறு எழுந்து நாடெங்கும் வன்செயல். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெரிச்சோவில் தேயிலைத் தோட்ட லயங்களைக் கும்பல்கள் தாக்கின. கிசி, லுவோ தொழிலாளர்கள் "வெளியூரார்" என்று அடிக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள், பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இலண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். தாய்க் கம்பனிக்கு எதிராக வழக்கை நடத்த இடமில்லை என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடித்தவர்களுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. அவர்களுடைய பாட்டன் காணியைப் பறிகொடுத்தான். ஆனால் பறித்தவன் இலண்டனில் இருந்தான். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது லயத்துத் தொழிலாளி.

இது நமக்கு நடக்காத கதையா? கண்டிச் சீமைக் கிராமத்தான் இழந்த காணியில் கோப்பியும் தேயிலையும் நட்டவன் துரை. பழியைச் சுமந்தவர்கள் நாம். 1948இல் பிரசாவுரிமை போனது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் கை மாறின, பல இடங்களில் நம்மவர் விரட்டப்பட்டனர். 1977லும் 1983லும் லயங்கள் எரிந்தன. கிராமத்தானும் நாமும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக் கொண்டிருந்த காலமெல்லாம் குத்தகைக்காரர் சுகமாக இருந்தார்.

மெஷினும் புதிய முதலாளியும்

கெரிச்சோவில் கொழுந்து வெட்டும் மெஷின் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2010இல் அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். மெஷின் நிற்கவில்லை. 2023 மே மாதம் ஆத்திரமடைந்த மக்கள் மெஷின்களுக்குத் தீ வைத்தார்கள். மோதலில் உயிரும் போனது. ஆக, "கென்யாவில் ஆளுக்கு அதிக கிலோ" என்று கேட்கும்போது, அதில் மெஷின் வெட்டியது எவ்வளவு, வேலையிழந்து வீடு போனவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

அதே 2023இல் பீ.பீ.சீ. ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. கென்யத் தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்கள் வேலை கொடுப்பதற்காகப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சொன்னார்கள். வேலை குறையக் குறைய, வேலை கொடுப்பவன் கையில் அதிகாரம் கூடுகிறது. இதை மெஷின் பிரச்சினையிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது. மலைக்குப் போகிற நம் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள்.

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தமான செய்தி. 2023இல் பின்லேயின் கென்யத் தோட்டங்களை வாங்கியது யார்? இலங்கையின் பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மன்ட்ஸ். 2024இல் லிப்டனின் கென்யத் தோட்டங்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. பின்லே விற்பனையில் 15 வீதப் பங்கை கிப்சிகிஸ் மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒதுக்கினார்கள். காணி இழந்தவர்கள் தொண்ணூறு வருடம் விடாமல் கேட்டதன் பலன் அது. போதாது என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் கேட்டதால் வந்தது.

ஆகவே தோழர்களே, கென்யத் தொழிலாளி நமக்குப் போட்டியாளர் என்ற பேச்சை விட்டுவிடுவோம். கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் முதலாளியே அங்கும் இருக்கிறார். அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது, மெஷின் வந்தால் ஆளுக்கு என்ன ஈடு, பெண்களின் முறைப்பாட்டை யார் விசாரிக்கிறார்கள் என்பதெல்லாம் நாளை இங்கேயும் வரும். இங்கே நாம் விட்டுக்கொடுப்பது அங்கே உதாரணமாகக் காட்டப்படும்.

உங்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறேன். ஒன்று, கிலோக் கணக்கில் கென்யாவை இழுத்தால் மெஷினையும் காணி உறுதியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு, அவுட்குரோவர் பத்திரம் எதிலும், சங்கத்துக்குக் காட்டாமல், தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று, வீட்டுக் காணிக்கான நம் கோரிக்கையைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் எடுத்துச் சொல்லுங்கள், அவருடைய காணிக் குறையையும் கேளுங்கள். கென்யச் சங்கத்தோடு சர்வதேச சம்மேளனத்தின் வழியாகத் தொடர்பு வைப்பது எங்கள் பொறுப்பு. பக்கத்துக் கிராமத்தோடு தொடர்பு வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதை இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே தொடங்குங்கள்.