பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம் பைத்துல்மாலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

   

‘அபஸ’ எனும் 80-ஆவது அத்தியாயம் அருளப்பட்ட வரலாற்றைத் தாங்கள் அறிவீர்கள். குறைஷித் தலைவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்க வந்தார்கள். கற்க வந்தவரையே முதலில் கவனிக்க வேண்டும் என வல்ல அல்லாஹ் உணர்த்தினான். பின்னாளில் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நாயகம் (ஸல்) அவர்கள் ஊரில் இல்லாத காலங்களில் மதீனாவின் பொறுப்பாளராகவும் திகழ்ந்தார்கள்.

நம் வீடுகளில் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளும் கல்வியைத் தேடும் உரிமை உடையவர்களே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் பயிலலாம் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களுக்கு உரியோரில் இப்பிள்ளைகளையும் சேர்த்தது. பள்ளிக்கு வர இயலாத கடும் பாதிப்புடையோர் வீட்டிலிருந்தே கற்கவும் அது வழிவகுத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 25 விழுக்காடு இடம் எல்.கே.ஜி. போன்ற தொடக்க வகுப்பில் மட்டுமே கிடைக்கும். ஊரார் என்ன நினைப்பார்களோ எனக் கூசிப் பிள்ளையை எட்டு வயது வரை வீட்டிலேயே வைத்திருந்தால், அவ்வாய்ப்பு கைநழுவிப் போகும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1999-இல் தொடங்கிய ஒரு திட்டம், இத்தகைய பிள்ளைக்கான அரசுப் பணத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுத்த தனியார் பள்ளிக்கே வழங்கியது. நம் நாட்டில் 25 விழுக்காட்டு இடங்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடு செய்கிறது. ஆயினும் தாய் இழக்கும் நாட்கூலியும், நாள்தோறும் ஏற்படும் ஆட்டோ செலவும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. இச்சுமையைத் தாங்க இயலாத குடும்பத்திற்குச் சட்டம் தந்த தேர்வு வெறும் காகிதமே.

ஆகவே ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மஹல்லாவில் உள்ள இப்பிள்ளைகளின் விவரத்தைக் கண்ணியத்தோடு திரட்ட வேண்டும். குறையை அம்பலப்படுத்துவது நோக்கமன்று.

இரண்டாவது, மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெற, விவரமறிந்த ஓர் இளைஞர் தர்மபுரிக்கு உடன் செல்ல வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் இலவசமாகப் பயணிக்கலாம். கடும் பாதிப்புடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளோர் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சிய செலவைப் பைத்துல்மால் ஏற்க வேண்டும். ஏழைக் குடும்பமாயின் ஜகாத்திலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் வழங்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, சிறுபான்மைப் பள்ளிகளை 25 விழுக்காட்டு விதி கட்டுப்படுத்தாது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் நம் சமுதாயப் பள்ளிகளும் மக்தபுகளும் இப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாமா? அல்லாஹ்விடம் நாம் சொல்லவேண்டிய பதில் வேறல்லவா?

இப்பிள்ளைகளை அமானிதமாகக் கருதிக் கல்வியளிக்கும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.