கத்தி வெச்சா புண்ணு பெருசாத்தான் தெரியும்

திண்டுக்கல் டவுன்ல இருந்து கேட்கிறவங்க, வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கம் இருந்து கேட்கிறவங்க எல்லாரும், வீட்டுல சர்க்கரைக்காரங்க யாராவது இருந்தா அவங்களையும் பக்கத்துல கூப்பிட்டு உட்கார வைங்க.

நாங்க புண்ணுக்குக் கட்டுப் போடுற ரூமுக்கு வெளியில அடிக்கடி ஒரு சண்டை நடக்கும். "எங்கப்பா வரும்போது ஒரு ரூவா அகலம்தான் இருந்துச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் உள்ளங்கை அகலத்துக்கு நோண்டி வெச்சிருக்கீங்க"ன்னு மகன் கத்துவாரு. பார்க்கிறவங்களுக்கு அவர் சொல்றதுதான் நியாயமாத் தெரியும். ஆனா புண்ணு முதல்ல இருந்தே அந்த அகலம்தான். மேல தோலும் செத்த சதையும் மூடி இருந்ததால கொஞ்சம்தான் வெளிய தெரிஞ்சுது. உள்ள புரையோடி, சில பேருக்கு எலும்பு வரைக்கும் போயிருக்கும். கோவத்துல நோயாளியைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறவங்க திரும்பி வரும்போது, விரலை எடுக்கணும், காலை எடுக்கணும்னு பேச்சு மாறிடுது. அதனாலதான் இன்னைக்கு, புண்ணுல செத்த சதையை எடுக்கிறதைப் பத்தி மட்டும் பேசலாம்னு வந்தேன்.

செத்த சதையை ஏன் எடுக்கணும்? அங்க ரத்த ஓட்டம் கிடையாது. நீங்க போடுற மாத்திரையும் ஊசியும் ரத்தம் வழியாத்தான் புண்ணுக்குப் போகும். ரத்தமே போகாத சதைக்குள்ள மருந்து எப்படிப் போகும்? கிருமிக்கு மட்டும் அது நல்ல தீனி. அந்தக் கிருமிங்க தனித்தனியா இருக்காது. கூட்டமாச் சேர்ந்து, மேல ஒரு வழவழப்பான படலத்தைப் போட்டுக்கிட்டு இருக்கும். கம்மாய்ப் படிக்கட்டுப் பாசி மாதிரின்னு வெச்சுக்கோங்க. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகாது, சுரண்டித்தான் எடுக்கணும். எடுத்தாலும் ரெண்டு மூணு நாள்ல திரும்பப் படிய ஆரம்பிச்சுடும். "போன வாரம்தானே கிளீன் பண்ணாங்க, மறுபடியும் எதுக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

அந்த ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுறேன், தெரிஞ்சா பயம் பாதி குறையும். முதல்ல பாதத்துல நாடி பார்ப்பாங்க, ரத்தம் வருதான்னு. அப்புறம் உப்புத் தண்ணி ஊத்திக் கழுவி, மழுங்கின கம்பி ஒண்ணை விட்டு ஆழம் பார்ப்பாங்க. கம்பி நுனியில டக்குனு கெட்டியா எலும்பு தட்டுப்பட்டா எக்ஸ்ரே எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் கத்திரியும் பிளேடும். கருப்பா இருக்கிறது, மஞ்சளா சளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிறது, நாறுற சாம்பல் நிறச் சதை, புண்ணைச் சுத்தித் தடிச்சுப் போன காய்ப்பு, இதெல்லாம் போகணும். எது வரைக்கும்னா, செக்கச் செவேல்னு சதை தெரிஞ்சு லேசா ரத்தம் கசியிற வரைக்கும். அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுற சொந்தக்காரங்க உண்டு. எங்களுக்கு அதைப் பார்த்தாத்தான் நிம்மதி. ரத்தம் வந்தா சதைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்.

வலிக்குமா? நரம்பு மதமதத்துப் போன சர்க்கரைக்காரங்க பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது, பேசிக்கிட்டே படுத்திருப்பாங்க. உணர்ச்சி இருக்கிறவங்களுக்கு மரத்துப்போற ஊசி போடுவாங்க. பெரிய புண்ணுன்னா ஆபரேஷன் தியேட்டர்ல வெச்சு, முதுகுல ஊசி போட்டுச் செய்வாங்க. கத்தி தாங்காத உடம்புன்னா, செத்த சதையை இளக்குற ஜெல்லும் களிம்பும் இருக்கு. மெதுவாத்தான் வேலை செய்யும்.

எல்லாக் கருப்பையும் உடனே வெட்ட மாட்டாங்க, இதையும் கேட்டுக்கோங்க. கால் விரல் நுனி காய்ஞ்சு சருகாக் கருத்து, சீழும் இல்ல, வாடையும் இல்லைன்னா, அது ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். அதுல அவசரப்பட்டுக் கத்தி வெச்சா ஆறாது, மேலே ஏறும். டாப்ளர் ஸ்கேன் பார்த்து, ரத்த ஓட்டத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் தொடணும். வீட்டுல பிளேடு எடுத்து ஆணிக்காலைச் சீவுறவங்களை நான் திட்டுறது இதுக்காகத்தான். உங்க கால்ல ரத்தம் ஓடுதா இல்லையான்னு அந்த பிளேடுக்குத் தெரியுமா?

சில வீடுகள்ல காபித்தூள் அப்புறாங்க, மஞ்சள்தூள் அப்புறாங்க, மண்ணெண்ணெய் கூட ஊத்துறாங்க. நுரை பொங்குற ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊத்துறவங்களும் இருக்காங்க. நுரையைப் பார்த்தா அழுக்கு போற மாதிரி இருக்கும், ஆனா புதுசா முளைக்கிற சதையும் அதோட சேர்ந்து கருகும். சுத்தமான உப்புத் தண்ணி போதும்.

புழு வெச்ச புண்ணோட வர்றவங்க வெட்கப்பட்டு மறைப்பாங்க. மறைக்காதீங்க, புழுவால நல்லது நடந்த கதையும் உண்டு. முதல் உலகப் போர்ல வில்லியம் பேயர்ங்கிற அமெரிக்க டாக்டர், ஒரு வாரமா களத்துலயே கிடந்த ரெண்டு சிப்பாய்களைப் பார்த்தாரு. தொடை எலும்பு முறிஞ்ச புண்ணு முழுக்கப் புழு, ஆனா காய்ச்சல் இல்ல. கழுவிப் பார்த்தா உள்ள சிவப்பா நல்ல சதை. செத்ததை மட்டும் அது தின்னிருக்கு. பின்னாடி அவரே புழுவை வெச்சு வைத்தியம் பண்ணாரு. 2004ல அமெரிக்க அரசு அதுக்கு அனுமதியும் குடுத்துச்சு. அதுக்காக, "புழுதானே, இருந்துட்டுப் போகட்டும்"னு விட்டுடாதீங்க. அது கிருமி நீக்கி வளர்த்த தனி ஜாதிப் புழு. நம்ம ஊரு ஈ வெச்ச புழு உயிருள்ள சதையையும் தின்னலாம்.

சுத்தம் பண்ணிட்டா மட்டும் புண்ணு ஆறிடாது, அது மேல மிதிக்காமலும் இருக்கணும். நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு ஒரு கதை உண்டு. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட்ங்கிற டாக்டர், தொழுநோயாளிகளோட கால் அழுகுறது நேரடியா நோயால இல்ல, வலி தெரியாததாலதான்னு காட்டினாரு. தூங்கும்போது எலி கடிச்சாக்கூட அவங்களுக்குத் தெரியலை. வலி இருந்திருந்தா நொண்டி நொண்டி நடந்து புண்ணைக் காப்பாத்தியிருப்பாங்க. வலி இல்லாததால அதே புண்ணு மேலயே மிதிச்சாங்க. சர்க்கரைக்காரங்க காலுக்கும் இதே கதைதான். அதனால மாவுக்கட்டு, மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு, ஊன்றுகோல், ஏதோ ஒண்ணுல அந்த இடத்துப் பாரத்தைக் குறைக்கணும். காலையில டிரெஸ்ஸிங் போட்டுட்டு மத்தியானம் வயலுக்கு நடந்தா, டிரெஸ்ஸிங் செலவுதான் மிச்சம்.

நம்ம பக்கத்து எதிரி சீமைக் கருவேல முள்ளு. ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு நுனி மட்டும் உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். மத்தவங்க ரெண்டாவது அடியிலயே செருப்பைக் கழட்டிப் பார்ப்பாங்க. மதமதப்பு இருக்கிறவங்க நாள் முழுக்க அதோடயே நடப்பாங்க. செருப்பைப் போடுறதுக்கு முன்னாடி உள்ளே விரலால தடவிப் பாருங்க. விரலும் மதமதப்புன்னா பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க.

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரைன்னு கணக்கு. ஏழு பேருக்கு ஒருத்தர். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி 2022ல இருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கயே இருக்கு. காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணைச் சுத்திச் சிவப்பு ஏறுறது, தோலை அமுக்கினா நறநறங்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, 108க்குப் போன் பண்ணுங்க. இதெல்லாம் இல்லாம ஒழுங்காக் கட்டு மாத்திக்கிட்டே இருந்தும் நாலு வாரத்துல புண்ணு பாதியாச் சுருங்கலைன்னா, "வேற என்ன பண்ணலாம்?"னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கடைசியா, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நம்ம ஊரு வழியாப் பழநிக்கு நடக்கிறவங்களுக்கு. கால்ல ஆறாத புண்ணு இருந்தா இந்த வருஷம் பஸ்ல போங்க, நடையை அடுத்த வருஷம் வெச்சுக்கோங்க. புண்ணு இல்லாட்டியும், மதமதப்பு இருந்தா மத்தியானத் தார்ரோட்டுல வெறுங்காலோட நடக்காதீங்க, சுடுறது உங்களுக்குத் தெரியாது. ராத்திரி தங்குற இடத்துல, கூட வர்றவங்களை டார்ச் அடிச்சு ரெண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்க. கொப்புளம் இருந்தா ஊசியால குத்தாதீங்க. அப்படியே சுத்தமான துணியைச் சுத்திக்கிட்டு, வழியில இருக்கிற மருத்துவ முகாமுல காட்டுங்க. "எனக்குச் சர்க்கரை இருக்கு"ன்னு அங்க முதல்லயே சொல்லிடுங்க.