புறக்கடைக் கோழியும் முட்டையிடும் பெட்டியும்

(கால்நடை விரிவாக்க அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது இனம், தீவனம், தடுப்பூசி ஆகிய மூன்றையும் நாம் தவறாமல் குறிப்பிடுகிறோம். கோழி முட்டையிடும் இடத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். அந்த இடத்தைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 85 கோடி கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றுள் சுமார் 31.7 கோடி, வீட்டுப் புறக்கடையில் வளர்வன. அவற்றைப் பேணுவோரில் பெரும்பாலோர் பெண்கள். 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் முட்டை உற்பத்தி சுமார் 14,277 கோடி. அதாவது தலைக்கு 103 முட்டைகள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் அளவோ ஆண்டிற்கு 180. இந்த இடைவெளியைக் குறைக்க உற்பத்தியைப் பெருக்குவது ஒரு வழி. இட்ட முட்டையை இழக்காமல் காப்பது மற்றொரு வழி. பின்னதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திட்டத்தின்கீழ் கோழிகள் வழங்கப்பட்ட கிராமத்திற்குச் சென்றிருந்தேன். பதிவேட்டில் பறவைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் அம்மையார் ஒருவர், “கோழி கேறுகிறது, கொக்கரிக்கிறது, முட்டையைத்தான் காணோம்” என்றார். தேடியபோது வைக்கோற்போரின் அடியில் பதினோரு முட்டைகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை கெட்டுப்போயிருந்தன. இதில் கோழியின் குற்றம் ஏதுமில்லை. இரவில் அடையக் கூண்டு கொடுத்த நாம், பகலில் முட்டையிட மறைவிடம் கொடுக்கவில்லை.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கோழியின் உடலில் ஒரு முட்டை உருவாவதற்கு 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே இடப்படுகின்றன. அதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே கோழி அமைதியிழந்து இடம் தேடி அலைகிறது. இயக்குநீர்களால் எழும் இந்தத் தூண்டுதல், கூட்டையே கண்டிராத கூண்டுக் கோழிகளிடமும் காணப்படுகிறது. கோழியின் இத்தகைய இயல்புகளைக் கருத்திற்கொண்டே ஐரோப்பிய ஒன்றியம், முட்டையிடும் இடம் இல்லாத வெற்றுக் கூண்டுகளை 2012ஆம் ஆண்டு முதல் தடை செய்தது.

பெட்டி வைத்தவுடன் கோழி கூடுதலாக முட்டையிடும் என்று எவரேனும் கூறினால் அது மிகையாகும். முட்டையின் எண்ணிக்கையை இனமும், தீவனமும், பகல் வெளிச்சத்தின் நீளமும் தீர்மானிக்கின்றன. இட்ட முட்டை உடையாமலும், அழுக்குப்படாமலும், காகத்திற்கும் கீரிக்கும் இரையாகாமலும் நம் கைக்கு வந்து சேரச் செய்வதே பெட்டியின் பணி.

பெட்டி எவ்வாறு இருக்க வேண்டும்? நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி போதுமானது. நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர், உயரம் சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கலாம். முன்புறத்தில் கூளம் சரியாதபடி 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், நிழலும் அரையிருளும் உள்ள மூலையில் வைத்து, ஏறி நிற்க முன்னால் ஒரு கட்டை அமைக்க வேண்டும். உள்ளே உமி, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றுள் ஒன்றைப் பரப்பலாம். மரப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. ஓரங்கள் மடக்கப்பட்ட பழைய எண்ணெய்த் தகரம், சாய்த்து வைத்த மண்பானை, சுவரில் கட்டிய மூங்கில் கூடை என எதுவும் பயன்படும். அந்தந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருளே சிறந்த பொருள்.

பெட்டியை வைக்கும் காலமும் முக்கியமானது. கோழி முதல் முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்துப் பழக்க வேண்டும். தரையிலோ புதரிலோ முட்டையிடப் பழகிய கோழியைத் திருத்துவது கடினம். உள்ளே மரத்தாலோ சுண்ணாம்புக் கட்டியாலோ செய்த போலி முட்டை ஒன்றை வைத்தால், கோழி அவ்விடத்தை நம்பி ஏற்றுக்கொள்ளும். இரவில் பெட்டியை மூடிவைக்க வேண்டும். இல்லாவிடில் கோழி அதிலேயே உறங்கி எச்சமிடும்.

முட்டைகளை நாள்தோறும் இருமுறை அல்லது மும்முறை எடுத்துவிட வேண்டும். சேவலோடு திரியும் கோழியின் முட்டை பெரும்பாலும் கருவுற்றிருக்கும். வெப்பநிலை சுமார் 21 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அதனுள் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. நம் நாட்டின் கோடைக்கு இது எத்தகைய எச்சரிக்கை என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலும், முட்டைகள் பெட்டியில் குவிந்து கிடந்தால் நாட்டுக்கோழி அடைக்கு அமர்ந்து, முட்டையிடுவதை நிறுத்திவிடும். குஞ்சு வேண்டுமாயின் அதற்கெனத் தனியிடம் ஒதுக்குவதே முறை.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் பத்து நாட்டுக்கோழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டிற்கு 70 முட்டைகள் இடுகிறது எனக் கொள்வோம். மொத்தம் 700. பத்தில் ஒன்று தொலைந்தால் 70 முட்டைகள் இழப்பு. அதாவது, ஒரு கோழி ஓராண்டு முழுவதும் தின்ற தீவனமும் இட்ட முட்டையும் வீணாயின. அந்த 70 முட்டைகள் குழந்தையின் தட்டிலோ, தாயின் கைச்செலவுக் காசிலோ சேர்ந்திருக்க வேண்டியவை.

அலுவலர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்பட்ட இனங்களை வழங்கும்போது, அவற்றோடு முட்டையிடும் பெட்டியையும் மதிப்பீட்டில் சேருங்கள். அதற்கு நிதி இல்லையெனில், வீட்டிலுள்ள பழங்கூடையைக் கொண்டு செய்துகாட்டுங்கள். பின்னர் அந்த வீட்டிற்குச் செல்லும்போது, எத்தனை பறவைகள் உயிரோடு உள்ளன என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இன்றைய முட்டை எங்கே இடப்பட்டது என்றும் கேளுங்கள். அதற்கு அந்த வீட்டுப் பெண்மணி தயங்காமல் விடை சொல்வாராயின், நமது திட்டம் அவரது வீட்டைச் சென்றடைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.