சொல்லிக்கொடுக்காமல் நிற்கும் கலை



"ஏல, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னல சொல்லிக்குடுத்தாங்க?"

"தண்ணி ஊத்துனேம்ப்பா."

"பொறவு?"

"பொறவும் தண்ணிதான் ஊத்துனேன்."

நாலு வயதுப் பிள்ளையை மாண்டிசோரி பள்ளியில் சேர்த்திருக்கும் தென்காசிக்காரர் ஒருவர் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்தால், மறுநாள் காலையிலேயே அவர் டீச்சரைத் தேடிப் போய்விடுவார். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டியிருக்கிறார். அதே வயதுள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி ஒப்பிக்கிறது. தன் பிள்ளையோ ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அந்த டீச்சர் அங்கே என்னதான் வேலை பார்க்கிறார்?

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன். மாண்டிசோரி ஆசிரியரின் வேலை, நன்றாக நடக்கும்போது கண்ணில் படாது. அதனாலேயே அதை மதிப்பிடுவது சிரமம்.

தண்ணீர் ஊற்றுவதையே எடுத்துக்கொள்வோம். டீச்சர் முதல் நாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, மெதுவாக, வாய் பேசாமல் ஊற்றிக் காட்டுகிறார். பேசினால் பிள்ளையின் கண் கையை விட்டு முகத்துக்குப் போய்விடும். செம்பை எங்கே பிடிப்பது, எந்த அளவில் நிறுத்துவது, கடைசிச் சொட்டு விழும்வரை எப்படிக் காத்திருப்பது, சிந்தினால் துடைக்கும் துணி எங்கே இருக்கிறது, எல்லாம் அந்த ஒரு செய்கையில் அடங்கியிருக்கும். பிறகு எழுந்து போய்விடுகிறார். அடுத்த நாள் பிள்ளை சிந்துகிறான். டீச்சர் ஓடி வருவதில்லை. தரை ஈரமாக இருக்கிறது என்பதே பிள்ளைக்குப் போதுமான திருத்தம். மணிக்கட்டும் கண்ணும் கவனமும் ஒன்றாகச் சேரும் வரை அவன் ஊற்றட்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் அதே மணிக்கட்டுதான்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே அதன் சுவையைக் கேட்பவர் நாவில் இறக்குவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அப்படி என்றால், நாலு வயதுப் பிள்ளை ஒன்றையே நாற்பது தடவை செய்வதை நாம் ஏன் வீண் என்று நினைக்க வேண்டும்? இந்த முறையை வகுத்த மரியா மாண்டிசோரி ஒரு மூன்று வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தி எடுக்கும் வேலையை அவள் நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். அவள் நிமிரவில்லை. முடித்தபோது நல்ல தூக்கத்திலிருந்து விழித்தவள்போல் முகம் மலர்ந்து எழுந்தாள்.

மாண்டிசோரி ஒரு டாக்டர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள முறையான ஆசிரியப் பயிற்சி இல்லாத ஓர் இளம்பெண். ஒருநாள் அந்தப் பெண் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே ஆளுக்கொன்றை எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். திருட்டுப் புத்தி என்று அந்தப் பெண்ணுக்குக் கோபம். பிள்ளைகளுக்குத் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கிறது என்று மாண்டிசோரிக்கு வியப்பு. அன்றுமுதல் பூட்டு போயிற்று. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. இந்தக் கல்விமுறையின் பெரிய உண்மை ஒன்று, ஆசிரியர் குறுக்கே நிற்காத ஒரு காலை நேரத்தில் வெளிப்பட்டிருக்கிறது. இந்த முறையின் தத்துவமெல்லாம் எனக்கு அந்த ஒரு காட்சியிலிருந்துதான் விரிகிறது.

இந்த அம்மையாருக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் தங்கக் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்பிவிடுவது திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று, வைசிராய் மகனை அவரிடம் திருப்பி அனுப்பினார். ஆனாலும் 1946 வரை நாட்டை விட்டுப் போக முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு பகுதி கொடைக்கானலில் கழிந்தது. செடி, பூச்சி, கல், மழை எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் அவருடைய பிரபஞ்சக் கல்வி என்ற கருத்து வளர்ந்து உருப்பெற்றது அங்கேதான். நம்முடைய இதே மேற்குத் தொடர்ச்சி மலையில்.

இனி, டீச்சர் சும்மா நிற்கிறார் என்று தோன்றும் இடத்துக்கு வருகிறேன். நல்ல மாண்டிசோரி வகுப்பில் காலை வேளை மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் போகும். தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். பிள்ளைகள் எழுந்து நடப்பார்கள், பேச்சு கூடும், ஒருவன் ஜன்னலோரம் போய் நிற்பான். புது டீச்சருக்கு மனம் பதறிப்போகும். பிள்ளைகள் களைத்துவிட்டார்கள் என்று நினைத்து, கையைத் தட்டி, பாட்டுப் பாடவோ வெளியே அழைத்துப் போகவோ செய்வார். அனுபவப்பட்ட டீச்சர் தன் முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டு காத்திருப்பார். மாண்டிசோரி இதைப் போலிக் களைப்பு என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே திரும்பி, அன்றைய நாளின் மிகக் கடினமான வேலையை எடுப்பார்கள். அந்தச் சில நிமிஷங்களைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தக் கலையில் ஆகக் கடினமான பகுதி. மற்றதையெல்லாம் பயிற்சியில் கற்றுவிடலாம். பொறுக்கிற நெஞ்சு, பிள்ளைமேல் நம்பிக்கை இருந்தால்தான் வரும்.

பெயர் சொல்லிக்கொடுக்கும் முறையிலும் அந்த நம்பிக்கை தெரியும். மூன்று படிகள். "இது வழவழப்பு, இது சொரசொரப்பு." அப்புறம், "வழவழப்பானது எது, காட்டு பார்ப்போம்." கடைசியாக, "இது என்ன?" பிள்ளை தவறாகச் சொன்னால் டீச்சர் "தப்பு" என்பதில்லை. பொருளை எடுத்து வைத்துவிட்டு, வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்குகிறார். இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், அந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தன் பள்ளியில் எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, சென்னை முறை என்றே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மாண்டிசோரி பள்ளியில் உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளை அதை விரலால் தடவி, ஒலியைச் சொல்கிறான். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கின்றன. விரலின் அறிவையும் கலந்த வயதையும் நம் திண்ணை அறிந்திருந்தது. அங்கே பிரம்பும், பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்ததையும் மறக்கக் கூடாது.

தமிழ் எழுத்து என்று வரும்போது டீச்சரின் சொந்த மூளைக்கு வேலை வருகிறது. இத்தாலிய மொழியில் ஒலி எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் எழுத்தை அடுக்கினால் சொல் வந்துவிடும். தமிழில் "கொடி" என்று அடுக்க நினைக்கும் பிள்ளைக்குக் காதில் முதலில் விழுவது ககரம். கையிலோ முதலில் கொம்பை வைத்து, அப்புறம் ககரத்தை வைத்து, அதற்கும் அப்புறம் துணைக்காலை வைக்க வேண்டும். அந்தக் ககரமும் "கல்"லில் ஒரு மாதிரி, "பகல்" என்பதில் ஒரு மாதிரி, "தங்கம்" என்பதில் வேறு மாதிரி ஒலிக்கிறது. இதற்கு ரோமிலோ ஆம்ஸ்டர்டாமிலோ எழுதிய கையேட்டில் பதில் இல்லை. "படம்", "மரம்", "பல்" என்று உயிர்க்குறி இல்லாத சொற்களில் நெடுநாள் நின்று, துணைக்காலை அறிமுகம் செய்து, கொம்பைக் கடைசிக்குத் தள்ளுவது ஒரு வழி. உயிர்மெய் வரிசையை முழு எழுத்துகளாகவே வெட்டிப் பெட்டியில் போடுவது இன்னொரு வழி. இரண்டில் எது என்று தன் பிள்ளைகளைப் பார்த்து முடிவு செய்கிற டீச்சரைத்தான் நான் தத்துவம் உள்ள ஆசிரியர் என்பேன். அதற்குத் தத்துவம் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பொருள்களிலும் அப்படித்தான். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்துக் கனசதுரங்கள் உண்டு; ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை. அருமையான பொருள். விலையும் அதிகம். ஆனால் நம் பாட்டிகளின் அரங்குவீட்டில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று ஒரு வரிசை இருந்ததே! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அரிசியை அளந்து அளந்து ஊற்றும் பிள்ளைக்கு இரட்டிப்பு என்பது கையிலேயே ஏறிவிடும். அளவு தவறினால் அரிசி வழிந்து தானே சொல்லிவிடும். தன் பிழையைத் தானே காட்டும் பொருள் வேண்டும் என்று மாண்டிசோரி சொன்னாரே, அதற்கு இதைவிட என்ன வேண்டும்? இலை வடிவங்களைப் படிக்கப் பிளைவுட்டில் வெட்டிய அச்சுகளை வாங்குகிறார்கள். செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில் ஒரு நடை நடந்தால் அத்தனை வடிவமும் உயிரோடு கிடைக்கும். சீசன் மாதங்களில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைகளில் குவிந்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்ல அவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. வேலை செய்யும் இடத்தைக் குறிக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விரிப்பு தேவை. பத்தமடைப் பாய் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்படிச் சொந்த மண்ணுக்கு இழுத்துவந்தவர்கள் முன்பே உண்டு. வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரம் தொடங்கினார். மாண்டிசோரியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்தான். ஒரு விஷயத்தில் மட்டும் பிரிந்து நின்றார். நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்தறியாத சின்ன வயதில் தேவதைக் கதைகள் வேண்டாம் என்பது மாண்டிசோரியின் எண்ணம். கிஜுபாயோ கதையையே கைப்பிடியாகக் கொண்டார். தமிழில் "பகல் கனவு" என்று வந்திருக்கும் அவருடைய நூலில், அடங்காத வகுப்பை ஆசிரியர் கதை சொல்லித்தான் வசப்படுத்துகிறார். நான் இதில் கிஜுபாய் பக்கம். கி. ராஜநாராயணன் தெருத் தெருவாகக் கதை சேகரித்த சீமை இது. இந்தப் பிள்ளைகளிடமிருந்து நரியையும் பேயையும் எடுத்துவிட்டால் அவர்கள் மொழியில் பாதி போய்விடும்.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இந்தக் காற்று வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதன் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவமும் மாண்டிசோரிப் பொருள்களும் அதில் கலந்திருந்தன. 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவி, அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தென்காசி வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சுவர் ஓரமாகத் தரையை ஒட்டி, பிள்ளைக்கு ஓர் இடம் என்று கீழ்மட்டக் கரும்பலகை. பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தார். தமிழகப் பள்ளி வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி என்று நம்புகிறேன். அதன் குறை, பொருளைவிடப் பாட அட்டை மிகுந்துபோனது. பிள்ளை எதுவரை கற்றான் என்று காட்டும் ஏணியின் படிகளை எண்ணுவதில் ஆசிரியரின் கண் போய், பிள்ளையைப் பார்ப்பது குறைந்தது. ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்க வேண்டிய ஊர்களில் வேறு எப்படி நடக்கும்?

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். தடை ஒன்றும் இல்லை. ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பலகையைப் பார்க்க வேண்டாம். அனுமதி கேட்டு ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்காருங்கள். டீச்சரின் குரல் அறை முழுக்கக் கேட்கிறதா, ஒரு பிள்ளைக்கு மட்டும் கேட்கிறதா? சிந்திய தண்ணீரை யார் துடைக்கிறார்கள்? அலமாரியில் உள்ள பொருள் தேய்ந்திருக்கிறதா, புதுசாகப் பளபளக்கிறதா?

கடைசியாக, பணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள். மாண்டிசோரியைப் படித்து, கிஜுபாயோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பிள்ளைகள் வாழும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்பது அப்படிப் பிறந்தது. 1975இல் மத்திய அரசுத் திட்டமாகி, இன்று நம் தெருமுனை வரை வந்திருக்கிறது. நாம் பால்வாடி என்கிறோம். அங்கே இருக்கும் டீச்சர் எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கிறார், பதிவேடு எழுதுகிறார், அதையே மறுபடி செல்போனில் ஏற்றுகிறார். இத்தனைக்கும் நடுவே, ஒரு பிள்ளை உழக்கால் மணலை அளப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் எங்கே? எழுத்து வேலைக்குத் தனியாக ஓர் ஆளைப் போட்டு, காலையில் பத்து முதல் பன்னிரண்டு மணி வரை அவரைப் பிள்ளைகளோடு விட்டுவிடச் சொல்லி நம் ஊராட்சிக் கூட்டங்களில் கேட்கலாம். கிராம சபை கூடும்போது எழுந்து கேளுங்கள்.